வலியில்லாமல் ஒரே ஒரு முறை சிறுநீரில் இரத்தம்: நின்றுவிட்டால் விட்டுவிடலாமா?

2024 மார்ச் 3, காலை. திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்:

அப்பாவுக்கு 63 வயது. போன வாரம் ஒரு நாள் மட்டும் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி, எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், மறுநாளே நின்றுவிட்டது. ஸ்கேன் எடுத்ததில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறது. வெயில் சூடுதான், இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்தால் போதும் என்கிறார் அப்பா. இத்துடன் விட்டுவிடலாமா?

மார்ச் 3, மாலை

தம்பி, விட்டுவிடக் கூடாது. எனக்குச் சிறுநீர்ப்பையில் புற்று கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. எனக்கும் உங்கள் அப்பாவுக்கு வந்ததைப் போலவேதான் வந்தது. ஒரு நாள் சிவப்பு, வலி கிடையாது, அடுத்த நாள் தெளிவு. என் மனைவி அன்று மாலையே கையோடு மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனதால் தப்பித்தேன்.

சிறுநீர்ப்பையின் உள்தோலில் வளரும் கட்டி தொடர்ந்து கசிந்துகொண்டே இருப்பதில்லை. அதன் மேல்பரப்பில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய் ஒன்று உடையும்போது சிறுநீர் சிவக்கும். அது அடைபட்டதும் தெளியும். பிறகு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ எதுவும் தெரியாது. இந்த இடைவெளியில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் போய்ச் சேரும். மாத்திரை சாப்பிட்டவர் மாத்திரையால் நின்றது என்பார், இளநீர் குடித்தவர் இளநீரால் நின்றது என்பார். இரத்தம் தானாகவே நின்றது என்பதையும், கட்டி உள்ளேயே இருக்கிறது என்பதையும் யாரும் பார்க்கவில்லை.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. சிறுநீரில் இரத்தம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருப்பதில்லை. கல்லும், கிருமித் தொற்றும், வயதான ஆண்களுக்குப் பெருத்துப்போகும் பிராஸ்டேட்டும்தான் அதிகம். ஆனால் வயது அறுபதைத் தாண்டியவருக்கு, வலியே இல்லாமல், கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் வந்தால், புற்று இல்லை என்று உறுதிசெய்த பிறகே மற்ற காரணங்களுக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதேதான். மாத்திரையால் வந்த இரத்தம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உள்ளே ஏற்கெனவே இருந்த கட்டியை அந்த மாத்திரை காட்டிக்கொடுத்திருக்கலாம்.

அப்பா பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவரா என்று எழுதுங்கள்.

மார்ச் 3, இரவு

எழுத விட்டுப்போன ஒன்று. நம் பக்கம் எல்லோரையும் 'கிட்னி டாக்டர்' என்றே சொல்வதால், பலர் நெஃப்ராலஜி மருத்துவரிடம் போய்க் காத்திருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர் சிறுநீரகம் செயலிழப்பது, டயாலிசிஸ், உப்பு அளவு ஆகியவற்றை மருந்தால் கவனிப்பவர். உங்களுக்கு வேண்டியவர் யூராலஜி மருத்துவர். சிறுநீர்ப் பாதையைக் கேமரா வைத்துப் பார்ப்பதும், கட்டியை எடுப்பதும் அவர் வேலை. மதுரைப் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், யூராலஜிக்கென்று தனித் துறையே இருக்கிறது.

மார்ச் 5

அப்பா நாற்பது வருடமாகப் பீடி குடிப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த ஸ்கேன் முடிவை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயிற்று ஸ்கேன் நல்ல முதல் சோதனைதான். ஆனால் சிறுநீர்ப்பை நன்றாக நிரம்பியிருக்கும்போது எடுத்தால்தான் அதன் சுவர் விரிந்து தெரியும். பாதி நிரம்பிய பையில் சுவர் மடிந்து கிடக்கும், சிறிய கட்டி அந்த மடிப்பில் மறைந்துவிடும். நிரம்பியிருந்தாலும், சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும், மேலே எழும்பாமல் தோலோடு தோலாகப் படரும் புற்றும் ஸ்கேனில் பிடிபடாமல் போகலாம். சிறுநீரில் உதிர்ந்துவரும் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சைட்டாலஜி என்ற சோதனை இருக்கிறது. வீரியம் கூடிய புற்றை அது நன்றாகக் காட்டும். வீரியம் குறைந்த கட்டியைப் பெரும்பாலும் தவறவிடும். ஆகவே இவற்றில் எது 'நார்மல்' என்று வந்தாலும் கேமரா பரிசோதனை வேண்டியதில்லை என்று ஆகாது. சிறுநீரகத்தின் உட்குழியிலும் அதிலிருந்து இறங்கும் குழாய்களிலும் இதே வகை உள்தோல்தான் இருக்கிறது என்பதால் அவற்றையும் பார்க்க சி.டி. யூரோகிராம் கேட்பார்கள். மருந்து ஏற்றி எடுக்கும் படம் அது. ஆகையால் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று அறிய முதலில் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிட வேண்டும். அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மார்ச் 9

கேமரா பரிசோதனைக்கு அப்பா கூச்சப்படுகிறார், பயப்படுகிறார் என்கிறீர்கள். என் அனுபவத்தை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, படுக்கவைத்து, சிறுநீர் வரும் துவாரத்தில் மரத்துப்போவதற்கான களிம்பைச் செலுத்திச் சில நிமிடங்கள் விடுவார்கள். பிறகு பென்சிலை விட மெல்லிய, வளையக்கூடிய குழாய் உள்ளே போகும். பிராஸ்டேட் இருக்கும் இடத்தைக் கடக்கும்போது சிறுநீர் முட்டிக்கொண்டு வருவது போன்ற அவஸ்தை இருக்கும். அந்த நேரத்தில் மூச்சை இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டே இருந்தால் சுலபமாகப் போகும். உள்ளே போனதும் தண்ணீர் நிரப்பிச் சுற்றிலும் பார்ப்பார்கள். திரையை நீங்களும் பார்க்கலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்கு வரலாம். அடுத்த ஓரிரு நாள் எரிச்சலும் இலேசான சிவப்பும் இருக்கும், தண்ணீர் குடித்தால் சரியாகும். குளிரும் காய்ச்சலும் வந்தால் உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அந்த அறையில் இருப்பவர்கள் நாள்தோறும் இதையே செய்கிறவர்கள். அங்கே வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை. இதற்கு வெட்கப்பட்டு ஒரு வருடம் தள்ளிப்போட்டு, பிறகு பை முழுவதையும் எடுக்க நேர்ந்த ஒருவரை நான் சிகிச்சைக்குப் போன இடத்திலேயே பார்த்திருக்கிறேன். என்னை விட அவர் இளையவர்.

மார்ச் 16

இரண்டு சென்டிமீட்டர் கட்டி இருந்தது, 14ஆம் தேதி உள்வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள், அப்பா நலம் என்ற செய்தி படித்தேன். மனம் தளர வேண்டாம். இந்தப் புற்று கண்டுபிடிக்கப்படும்போது, நான்கில் மூன்று பேருக்குத் தசை வரை இறங்காத நிலையில்தான் இருக்கிறது.

இப்படி உள்வழியாகச் சுரண்டி எடுப்பதை டி.யு.ஆர்.பி.டி. என்று அறிக்கையில் எழுதியிருப்பார்களே, அது சிகிச்சை மட்டுமன்று, சோதனையும் அதுவேதான். சிறுநீர்ப்பைச் சுவரில் உள்தோல், அதன் கீழே இணைப்புத் திசு, அதற்கும் கீழே கெட்டியான தசை என்று அடுக்குகள் உண்டு. கட்டி உள்தோலோடு நின்றால் டி.ஏ. என்றும், இணைப்புத் திசுவுக்குள் போனால் டி.1 என்றும், தசைக்குள் போனால் டி.2 என்றும் எழுதுவார்கள். பையைக் காப்பாற்றிக்கொண்டு நெடுநாள் வாழ்வதா, பையையே எடுப்பதா என்பதைப் பெரும்பாலும் தசை என்ற அந்த ஓர் அடுக்குத் தீர்மானிக்கிறது.

ஆகவே பயாப்ஸி முடிவு வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அடுக்கு வரை போயிருக்கிறது? வீரியம் கூடியதா குறைந்ததா? அனுப்பிய திசுவில் தசை இருந்ததா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. தசையே எடுக்கப்படாத திசுவைப் பார்த்துவிட்டு 'தசையில் புற்று இல்லை' என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. வயிற்றின் ஒரு பக்கத்தைப் பார்க்காமலே அங்கே ஒன்றுமில்லை என்று எழுதுவதும் அதுவும் ஒன்றே.

மார்ச் 17

பீடி நெஞ்சுக்குத்தானே கெடுதல், மூத்திரப் பைக்கு எப்படி வரும் என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி. புகையில் உள்ள நச்சு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் சேர்க்கிறது. அந்தச் சிறுநீர் பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது. அவ்வளவு நேரமும் பையின் உள்தோல் அந்த நச்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறக்குறையப் பாதிக்குப் புகையே காரணம். இப்போது விட்டால் என்ன பயன் என்று அவர் கேட்பார். பயன் உண்டு. நிறுத்தியவர்களை விட, தொடர்ந்து குடிப்பவர்களுக்குக் கட்டி மறுபடியும் வருவது அதிகம்.

எனக்குப் புகையோடு இன்னொன்றும் சேர்ந்தது. இளவயதில் செல்லூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வெறுங்கையால் நூல் நனைத்தவன் நான். 1895இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை முதன்முதலாக எடுத்துச் சொன்னார். பீட்டா நாஃப்தைலமின், பென்சிடின் போன்ற பொருள்கள்தாம் குற்றவாளிகள் என்பது பின்னால் உறுதியானது. பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட சாயங்களுக்கு நம் நாட்டில் 1990களில் தடை வந்தது. ஆனால் நச்சு உடம்பில் பட்டதற்கும் புற்று தோன்றுவதற்கும் இடையில் இருபது, முப்பது ஆண்டுகள் கடக்கலாம். அந்தக் காலத்தில் சாயம், ரப்பர், பெயின்ட் வேலை பார்த்தவர்கள் இப்போதுதான் அறுபதைத் தொடுகிறார்கள். மருத்துவர் என்ன வேலை என்று கேட்டால், 'ரிட்டயர்டு' என்று சொல்லி நிறுத்தாமல், முப்பது வருடத்துக்கு முன்னால் பார்த்த வேலையையும் சொல்லுங்கள்.

மார்ச் 27

டி.1, வீரியம் கூடியது, 'தசை காணப்படவில்லை'. உங்கள் அறிக்கையில் உள்ள இந்த மூன்றும் சேர்ந்தால் இரண்டாம் முறை சுரண்டியே ஆக வேண்டும். முதல் முறை சரியாகச் செய்யவில்லை என்று யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம். டி.1 வீரியம் கூடிய கட்டிக்கு, தசை இருந்தாலும் கூட, இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்ப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. எனக்கும் செய்தார்கள். நான் முதலில் போன தனியார் மருத்துவமனையின் அறிக்கையில் தசை பற்றி ஒரு வரி கூட இல்லை; இரண்டாவது முறை எடுத்த மருத்துவர்தாம் அதைச் சுட்டிக்காட்டினார்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது கருத்துக் கேட்பதும் பயன் தரும். அறிக்கையின் நகல் மட்டும் போதாது. ஆய்வகத்திலிருந்து பிளாக்கையும் (மெழுகில் பதித்துவைத்த திசு) கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனால், புதிய இடத்தில் அவர்களே மறுபடி பார்ப்பார்கள். கேட்கத் தயங்க வேண்டாம். வெளியூர் போவதென்றால் வேலூர் சி.எம்.சி.யும், 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையமும் மதுரைக்காரர்கள் நெடுங்காலமாகப் போகும் இடங்கள். ஆனால் இரண்டாம் சுரண்டலுக்காக ஊர் விட்டு ஊர் போக வேண்டிய கட்டாயம் இல்லை. யூராலஜியில் புற்று அறுவையையே மிகுதியாகச் செய்யும் ஒருவர் மதுரையிலேயே கிடைத்தால் அவரிடமே செய்துகொள்ளலாம். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று மரியாதையோடு கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏப்ரல் 2

ஏப்ரல் 16ஆம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள், 23ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்குகிறார், அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று அப்பா கேட்கிறார். எதிர்சேவைக்கு ஒரு வருடம் கூடத் தவறாதவர் அவர் என்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். முதல் அறுவை மார்ச் 14. ஆறு வாரம் ஏப்ரல் 25இல் முடிகிறது. 23 முடிந்து, மருத்துவமனையில் புது நாள் வாங்குவதற்குள் மே வந்துவிடும். 16ஆம் தேதியே செய்துகொள்ளட்டும். ஒரு வாரத்தில் ஆற்றுக் கூட்டத்தில் நெரிபடுவதும் ஆகாது, உள்ளே ஆறும் புண் மறுபடி கசியும். இந்த வருடம் அவர் தொலைக்காட்சியில் பார்க்கட்டும். நீங்கள் போய்த் தரிசித்துவிட்டு வாருங்கள்.

ஏப்ரல் 10

மேலூர் சகோதரியின் கேள்விக்குத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு 58 வயது, ஒரு வருடமாக நீர்க்கடுப்பு, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, அவ்வப்போது இரத்தம், ஒவ்வொரு முறையும் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று மாத்திரை. சகோதரி, ஒரே ஒரு கேள்வி: ஒவ்வொரு முறையும் கல்ச்சர் எடுத்துக் கிருமி இருக்கிறது என்று காட்டினார்களா? கிருமியே வளராத கல்ச்சரோடு எரிச்சலும் இரத்தமும் திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தொற்று என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. தோலோடு படரும் வகைப் புற்று எரிச்சலாகவும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதாகவும் மட்டுமே வெளிப்படக்கூடும். இந்தப் புற்று ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம் என்பது உண்மைதான். அதனாலேயே பெண்களுக்கு இது தாமதமாகப் பிடிபடுகிறது என்பதும் உண்மை. மாதவிடாய் நின்றுபோன பிறகு, அந்தச் சிவப்பு சிறுநீரிலிருந்து வருகிறதா கர்ப்பப்பையிலிருந்து வருகிறதா என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மாத்திரைச் சீட்டுக்கு முன்னால் ஒரு யூராலஜி மருத்துவர் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 27

தசை எடுக்கப்பட்டிருக்கிறது, அதில் புற்று இல்லை. தம்பி, இந்த வரியைப் படித்தபோது என் கண் கலங்கியது.

இனி பி.சி.ஜி. குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பாகக் கையில் போடும் அதே பி.சி.ஜி.தான், அளவு மட்டும் பல மடங்கு அதிகம். 1976இல் கனடாவில் ஆல்வாரோ மொரேல்ஸ் என்ற மருத்துவர் அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பலன் கண்டு எழுதினார். வலு குறைக்கப்பட்ட அந்த உயிருள்ள கிருமி பையின் தோலைத் தொட்டதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அங்கே திரள்கிறது. திரண்டது புற்றுச் செல்களையும் சேர்த்துத் தாக்குகிறது. வாரம் ஒன்றாக ஆறு வாரம் முதல் சுற்று. புண் ஆறிய பிறகுதான் தொடங்குவார்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

மே 14

நாளை முதல் ஊசி என்று எழுதியிருந்தீர்கள். அது ஊசி அன்று, மெல்லிய குழாய் வழியாக உள்ளே விடுவது. அப்பாவிடம் இதைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். போவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரையும் காப்பியையும் குறைத்துக்கொள்ளட்டும், உள்ளே விட்ட மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கிவைக்க வேண்டும். நான் மருத்துவமனையிலேயே உட்கார்ந்து நேரம் பார்த்துக் கழித்தேன். பேருந்தில் ஏறிவிட்டால் மதுரை நெரிசலில் அது நடக்காது. வீட்டில் முதல் ஆறு மணி நேரம் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், தெறிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பிறகு தண்ணீர் விடுங்கள். உயிருள்ள கிருமி என்பதால் இந்தக் கவனம்.

அன்று இரவு எரிச்சலும், உடம்பு வலியும், இலேசான காய்ச்சலும் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்து இரண்டு நாளாகியும் இறங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பார்க்கிறவர் வேறு மருத்துவராக இருந்தால் 'சிறுநீர்ப்பையில் பி.சி.ஜி. போட்டிருக்கிறது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்தக் கிருமி உடம்பில் பரவிவிட்டால் அதற்குக் காசநோய் மருந்து வேண்டும், சாதாரணக் காய்ச்சல் மாத்திரை போதாது. மருந்து விடும் நாளன்று சிறுநீரில் இரத்தமோ தொற்றோ இருந்தால் அந்த வாரம் தள்ளிவைப்பார்கள். அதை மறைக்க வேண்டாம்.

ஜூன் 9

தேனி வாசகரின் அண்ணனுக்கு டி.2, தசைக்குள் போய்விட்டது. இங்கே பாதை மாறுகிறது. சுரண்டுவதோ பி.சி.ஜி.யோ இதற்குப் போதாது, அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் முதலில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ, பிறகு பையை முழுவதும் எடுக்கும் அறுவை. முதலில் கீமோ எதற்கு, கட்டியை உடனே எடுத்துவிட வேண்டாமா என்று அவர் கேட்கிறார். இவ்வாறு செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதல் என்று வந்தது. ஐந்து சிறிய எண் அன்று. அறுவைக்குப் பிறகு உடம்பு தளர்ந்து பலரால் கீமோவைத் தாங்க முடிவதில்லை என்பதும் காரணம்.

பை போனால் வாழ்க்கை போயிற்று என்று அண்ணி அழுவதாக எழுதியிருக்கிறார். குடலில் ஒரு துண்டை எடுத்து வயிற்றின் வலப்பக்கம் வாய் வைத்து, ஒட்டும் பையில் சிறுநீரைச் சேர்ப்பது ஒரு வழி. குடலாலேயே புதிய பை தைத்து இயல்பான வழியில் கழிக்கச் செய்வது இன்னொன்று. அதற்குப் பயிற்சி வேண்டும், இரவில் கசிவு இருக்கலாம். கட்டி ஒன்றே ஒன்றாக, சிறுநீரகம் வீங்காமல் இருந்தால், சுரண்டி எடுத்துக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துப் பையைக் காப்பாற்றும் வழியும் உண்டு. இதைக் கேட்காமல் அறுவைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம், இதையே பிடித்துக்கொண்டு அறுவையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் மூவரும் ஒன்றாகப் பார்க்கும் இடத்துக்கு அண்ணனைக் கொண்டுபோங்கள்.

பணத்தைப் பற்றி: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். நோய் உறுதியான அன்றே இதைத் தொடங்குங்கள். ஊர் விட்டுப் போனால், புற்று நோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகையும் இருக்கிறது; அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்து வேண்டும்.

ஜூலை 24

மூன்றாம் மாதக் கேமராவில் பை சுத்தமாக இருக்கிறது என்ற செய்திக்கு மகிழ்ச்சி. இனி வரவே வராதா என்று அப்பா கேட்டிருக்கிறார். வரக்கூடும், ஐயா. இந்தப் புற்று திரும்பி வரும் பழக்கம் உள்ளது. அதனால்தான் முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது. சிறியதாகத் திரும்பினால் சிறியதாகவே எடுத்துவிடலாம்.

பி.சி.ஜி. அடுத்த சுற்று மூன்று வாரம். அதன்பின் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று மூன்று ஆண்டு வரை நீளும். அந்த மருந்துக்கு அவ்வப்போது தட்டுப்பாடு வருகிறது, ஆகவே தேதிக்கு முன்பே மருந்தகத்தில் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து வாங்கிவரச் சொன்னால் ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

மேலூர் சகோதரி, உங்கள் அம்மாவைக் கேமராவில் பார்த்தார்களா என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.